ஹார்ட் டிஸ்க் மாற்றிய பிறகு சிஸ்டம் பூட் ஆகவில்லையா? கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை, பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடாமல் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டி ஓட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மாட்டுவது சின்ன வேலைதான். மாட்டி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நிற்கிறதே, அங்கேதான் பலரும் திணறுகிறார்கள்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் பென்டிரைவைச் செருகி விண்டோஸை மறுபடி போடப் போகிறார்கள். கேபிள் சரியாக உட்காராத டிஸ்க்கில் எத்தனை தடவை விண்டோஸ் போட்டாலும் பயனில்லை. பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஒரு செட்டிங் மாறியதால் வந்த கோளாறுக்கு, நன்றாக இருந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு வந்து நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படி சரி என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

பிழைச் செய்திகள், கட்டளைகள் எல்லாவற்றையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. கைவைக்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் பழைய டிஸ்க். புது டிஸ்க் நன்றாக ஓடத் தொடங்கி சில வாரங்கள் ஆகும்வரை அதை அழிக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. தாலுகா ஆபீஸுக்குப் போட்ட மனு, கல்யாண ஃபோட்டோ, கடைக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கும். புது டிஸ்க்கில் எந்தத் தப்பு நடந்தாலும் பழையது இருக்கும்வரை சரிசெய்துவிடலாம்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி. லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால், உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. டிஸ்க்கை மாற்றினாலோ பயாஸில் கைவைத்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். பழைய டிஸ்க் ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். குளோன் செய்வதற்கு (டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பதற்கு) முன்பு பிட்லாக்கரை முழுதாக அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் இன்ஸ்டாலர். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம். விண்டோஸை மறுபடி போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் இது வேண்டும், ரிப்பேர் கட்டளைகளை இதிலிருந்துதான் கொடுக்கப் போகிறோம்.

சிஆர்2032 பட்டன் செல் ஒன்று. ஏன் என்று நான்காவது படியில் தெரியும்.

அப்புறம் யூபிஎஸ். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் உண்டு. மேகம் கறுத்து இடி கேட்கத் தொடங்கிவிட்டால் குளோன் வேலையை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் புது டிஸ்க்கில் அரைகுறையாக எழுதப்பட்ட பார்ட்டிஷன்தான் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) மிஞ்சும். லேப்டாப் என்றால் பேட்டரி முழுதாக ஏறிய பிறகு தொடங்குங்கள்.

2. எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆன் செய்ததிலிருந்து விண்டோஸ் வரும்வரை நான்கு கட்டங்கள். கரண்ட் வந்து போர்டு தன்னைச் சோதித்துக்கொள்ளும். பயாஸ் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும். டிஸ்க்கில் இருக்கும் பூட் லோடரை எடுத்து ஓட்டும். பூட் லோடர் விண்டோஸை எழுப்பும்.

திரையே வரவில்லை என்றால் முதல் கட்டம். கம்பெனி லோகோ வந்து, பிறகு "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று வந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது. "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றோ, 0எக்ஸ்சி என்று தொடங்கும் எண்ணோடோ நின்றால் மூன்றாவது. விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றியபின் நீலத் திரை வந்தால் நான்காவது.

வரும் செய்தியை ஃபோனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது "ஏதோ எர்ரர் வருது" என்பதைவிட அந்த ஃபோட்டோ பல மடங்கு உதவும்.

3. திரையே வரவில்லை, பீப் சத்தம் மட்டும் கேட்கிறது

இதற்கும் டிஸ்க்குக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. டிஸ்க் இல்லாமலேயே ஒரு போர்டு லோகோவைக் காட்டும், பயாஸுக்குள்ளும் போகும். டெஸ்க்டாப்பைத் திறந்து கேபிளை இழுத்த வேகத்தில் ரேம் அசைந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமை எடுத்து, இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று பூட்டும்வரை திரும்ப அழுத்துங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களிலிருந்து வரும் சிஸ்டங்களில் இன்னொன்றும் பார்க்கிறேன். உப்புக் காற்றில் ரேமின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்து மங்கியிருக்கும். வருடக்கணக்கில் அசையாமல் இருந்தவரை ஓடியிருக்கும், ஒருமுறை அசைத்ததும் தொடர்பு விட்டுப்போகும். ரேமின் தொடுமுனையை வெள்ளை ரப்பரால் பைய துடைத்து, ரப்பர் தூளை நன்றாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள். டிஸ்க் கனெக்டரில் ரப்பர் போடாதீர்கள். அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும்.

4. பயாஸில் புது டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பயாஸில் தெரியாத டிஸ்க்கை விண்டோஸோ எந்த ரிப்பேர் மென்பொருளோ பார்க்கவே முடியாது.

ஆன் செய்ததும் டெல், ஏசர் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்2, திங்க்பேட் என்றால் எஃப்1, அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் பெரும்பாலும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே போய் டிஸ்க்கின் மாடல் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

வரவில்லை என்றால், சாட்டா (கேபிள் வழியாகப் போர்டோடு இணையும் வழக்கமான வகை) டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்: அகலமான கரண்ட் கேபிள், குறுகலான டேட்டா கேபிள். கரண்ட் மட்டும் வந்து டேட்டா கேபிள் தளர்ந்திருந்தால் ஹார்ட் டிஸ்க் சுற்றும், கையில் அதிர்வும் தெரியும், ஆனால் பயாஸில் வராது. அதனால் "டிஸ்க் ஓடுது" என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், போர்டில் வேறு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள்.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் தடிமன். பல பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 9.5 மிமீ, எஸ்எஸ்டி 7 மிமீ. இடைவெளி நிரப்பும் சட்டம் இல்லாமல் வைத்தால் எஸ்எஸ்டி கீழே சாய்ந்து கனெக்டரிலிருந்து லேசாக விலகும். மேசையில் வைத்தால் ஓடும், தூக்கினால் நின்றுவிடும்.

எம்.2 வகை (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி) என்றால் வாங்கும்போதே கவனம் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா வகையும் அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் வேறு வேறு. ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் மற்றொன்று பல நேரம் செருகும், ஆனால் பயாஸில் தெரியாது. லேப்டாப் மாடலின் விவரக்குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்பில், எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். பழைய டிஸ்க் திடீரென்று காணாமல் போவதற்கு அது ஒரு காரணம்.

பயாஸில் இருக்கும்போதே தேதியைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. டிஸ்க் மாற்றுவதற்காக பிளக்கை எடுத்தபோது செட்டிங் எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். பூட் வரிசை (எதிலிருந்து முதலில் எழ வேண்டும் என்பது), சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை), பூட் முறை பழைய லெகசியா புதிய யூஇஎஃப்ஐயா என்பது எல்லாம் மாறியிருக்கும். டிஸ்க் மீது பழி போடுகிற பல கோளாறுகளுக்கு அந்தச் சின்ன செல்தான் காரணம். செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்து, அதன் பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

5. டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் "நோ பூட்டபிள் டிவைஸ்"

முதல் கேள்வி: அந்த டிஸ்க்கில் ஏதாவது இருக்கிறதா? கடையில் வாங்கிய புது டிஸ்க் வெறுமையாக வரும். அதை மாட்டியவுடன் இந்தச் செய்தி வருவது கோளாறே அல்ல. விண்டோஸ் போட வேண்டும், அல்லது பழைய டிஸ்க்கைக் குளோன் செய்ய வேண்டும். போர்டு மாறாதவரை விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமம் போர்டோடு ஒட்டியே இருக்கும். இன்ஸ்டாலர் சாவி கேட்டால் சாவி இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைப் போடுங்கள். நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

இரண்டாவது, பூட் வரிசை. யூஇஎஃப்ஐ சிஸ்டத்தில் டிஸ்க்கின் பெயரும் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்ற பெயரும் தனித்தனியாக வரலாம். மேலே இருக்க வேண்டியது பூட் மேனேஜர்.

மூன்றாவது, லெகசி, யூஇஎஃப்ஐ குழப்பம். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்க்கைப் பிரித்து எழுதும் முறை இரண்டு: எம்பிஆர், ஜிபிடி. எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழுவதற்கு பயாஸ் லெகசியில் இருக்க வேண்டும், ஜிபிடி டிஸ்க்குக்கு யூஇஎஃப்ஐ வேண்டும். மாறி இருந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் "இல்லை" என்றே சொல்லும். பழைய சிஸ்டத்திலிருந்து குளோன் செய்தால் எம்பிஆர் அப்படியே வரும். புதிய லேப்டாப் பலவற்றில் லெகசி என்ற வசதியே இல்லை, அங்கே அந்தக் குளோன் ஓடாது.

முதலில் பயாஸில் மறு மோடுக்கு மாற்றிப் பாருங்கள். அதில் எழுந்துவிட்டால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. யூஇஎஃப்ஐதான் வேண்டும் என்றால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. தரவை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் வேலிடேட் கொடுத்துச் சோதியுங்கள், அது சரி என்றால் மட்டும் கன்வெர்ட். மாற்றி முடித்ததும் பயாஸை யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் மறுபடி அதே கறுப்புத் திரைதான். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் தொடக்கத்திலேயே ஜிபிடி போடுங்கள். எம்பிஆரால் அதற்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது.

நான்காவது, அரைகுறைக் குளோன். சி டிரைவை மட்டும் டிக் செய்து நகல் எடுத்திருப்பார்கள். பூட் லோடர் இருப்பது சி டிரைவுக்கு முன்னால் எழுத்து எதுவும் இல்லாத குட்டிப் பார்ட்டிஷனில். அது வராமல் சிஸ்டம் எழாது. ஒட்டுப்போடுவதைவிட டிஸ்க் முழுவதையும் மறுபடி குளோன் செய்வது எளிது.

6. பழைய டிஸ்க் கூடவே இருந்தால்தான் பூட் ஆகிறது

தக்கலைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, பழச கழத்துனா சிஸ்டம் எழும்ப மாட்டேங்குது. திரும்ப மாட்டுனா ஓடுது. புதுசு கெட்டுப்போச்சோ?" "இல்லக்கா, புதுசு நல்லாத்தான் இருக்கும். விண்டோஸ் போடும்போது பழச கழத்துனீங்களா?" கழற்றவில்லை. மகன் இரண்டையும் மாட்டி வைத்தே போட்டிருக்கிறார்.

கடைக்குப் போய் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேலே டிஸ்க் 0, 931 ஜிபி, அது பழைய 1 டிபி டிஸ்க். அதன் தொடக்கத்தில் சிறிய பார்ட்டிஷன், அதற்குக் கீழே "சிஸ்டம்" என்ற சொல். அடுத்து டிஸ்க் 1, 223 ஜிபி, புது 240 ஜிபி எஸ்எஸ்டி. அதன் சி டிரைவில் "பூட்" என்று மட்டும் இருந்தது. விண்டோஸ் இருக்கும் இடத்துக்கு "பூட்" என்றும், பூட் லோடர் இருக்கும் இடத்துக்கு "சிஸ்டம்" என்றும் அது பெயர் காட்டும். ஆக, விண்டோஸ் புதுசில், பூட் லோடர் பழசில். சாமான் எல்லாவற்றையும் புது வீட்டுக்கு மாற்றிவிட்டு வாசல் கதவைப் பழைய வீட்டிலேயே விட்ட கதை.

இன்ஸ்டாலர் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் விண்டோஸ் போடும்போது புது டிஸ்க் மட்டும் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அந்தக் கடை சிஸ்டம் எம்பிஆர் வகை. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிசிடிபூட் (பூட் லோடரை எழுதும் கட்டளை) என்று அடித்து, சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் கொடுத்து, சாய்கோடு எஸ் போட்டு, சி டிரைவையே இலக்காகக் கொடுத்தேன். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மீது வலது கிளிக் செய்து "மார்க் பார்ட்டிஷன் அஸ் ஆக்டிவ்". ஷட் டவுன் செய்து பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் எழுந்தது. விண்டோஸை மறுபடி போடவே இல்லை, பிரிண்டர் செட்டிங்கும் போகவில்லை.

குளோன் செய்தவர்களுக்கும் இதே விதி. குளோன் முடிந்ததும் ஷட் டவுன், பழைய டிஸ்க்கைக் கழற்று, புதியதை மட்டும் வைத்து முதல் பூட். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், அல்லது சி என்ற எழுத்தைப் பழையதற்கே கொடுத்துவிடும். புதியதிலிருந்து ஓடுவதாக நினைத்துக்கொண்டு பழையதிலேயே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

7. பூட் லோடரை மறுபடி எழுதுவது

"பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்", அல்லது 0எக்ஸ்சி000000இ, 0எக்ஸ்சி0000225 போன்ற எண்கள் வந்தால் இந்தப் படி. புது டிஸ்க் மட்டும் மாட்டியிருக்கட்டும். விண்டோஸ் பென்டிரைவிலிருந்து எழுப்பி, மொழி கேட்கும் திரையைத் தாண்டி, "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூஇஎஃப்ஐ டிஸ்க் என்றால் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ மோடில்தான் எழுப்ப வேண்டும்.

முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டிப் பாருங்கள். தானே சரிசெய்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்.

டிஸ்க்பார்ட் (டிஸ்க், பார்ட்டிஷன்களைக் கையாளும் கருவி) என்று அடியுங்கள். லிஸ்ட் வால்யூம் கொடுங்கள். இங்கே நிதானம் தேவை. ரிப்பேர் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறி வரும், உங்கள் விண்டோஸ் டி அல்லது ஈ என்றுகூட இருக்கலாம். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 100 முதல் சில நூறு எம்பிக்குள், ஃபேட்32 என்று காட்டுவதுதான் யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன். பென்டிரைவும் ஃபேட்32 என்று காட்டும், அளவைப் பார்த்து அதை விலக்குங்கள். செலக்ட் வால்யூம் என்று அதன் எண்ணைக் கொடுத்து, அசைன் லெட்டர் சமம் எஸ் என்று எழுத்துக் கொடுங்கள். எக்ஸிட்.

அடுத்து பிசிடிபூட், இடைவெளி, விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, எஸ் டிரைவ், இடைவெளி, சாய்கோடு எஃப், இடைவெளி, யூஇஎஃப்ஐ. "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்" என்று வந்தால் வேலை முடிந்தது. பாதையில் டிரைவ் எழுத்துத் தப்பாக இருந்தால்தான் பெரும்பாலும் இது தோற்கும்.

பலர் பூட்ரெக் என்ற ரிப்பேர் கருவியின் ஃபிக்ஸ்பூட்டில் தொடங்கி, "ஆக்செஸ் இஸ் டினைடு" என்று வந்ததும் டிஸ்க் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். யூஇஎஃப்ஐ சிஸ்டத்தில் அந்தப் பதில் அடிக்கடி வரும். அதை விட்டுவிட்டு நேராக பிசிடிபூட்டுக்கு வாருங்கள்.

8. விண்டோஸ் சின்னம் வந்து நீலத் திரை: "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்"

பூட் லோடர் சரி, ஆனால் விண்டோஸால் டிஸ்க்கோடு பேச முடியவில்லை. தேவையான டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்) தொடக்கத்தில் ஏறவில்லை என்று அர்த்தம்.

பயாஸில் சாட்டா மோடு ஏஹெச்சிஐயா ரெய்டா என்று பாருங்கள். முன்பு ரெய்டில் விண்டோஸ் போட்டிருந்து, பட்டன் செல் தீர்ந்து ஏஹெச்சிஐக்கு மாறியிருந்தால் இந்தத் திரை வரும். பழைய மோடுக்குத் திருப்பினால் உடனே சரியாகும்.

சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்குக் குளோன் செய்தாலும் இது வரும். அதற்கு ஒருமுறை சேஃப் மோடில் எழுப்ப வேண்டும். அந்த மோடில் விண்டோஸ் அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களை ஏற்றிப் பார்க்கும், எது பொருந்துகிறதோ அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளும். பழைய டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால், குளோனுக்கு முன்பே எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்துவிடுங்கள். புதியதில் எழுந்ததும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப் பலவற்றில் இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டாது. பயாஸில் தெரியும், இன்ஸ்டாலரில் தெரியாது. அது விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் மேலாண்மை வசதியால் வருவது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

9. பள்ளியில் கொடுத்த லேப்டாப்

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. நிறைய லேப்டாப்பில் விண்டோஸும் போஸ் லினக்ஸும் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) சேர்ந்தே வந்தன. விண்டோஸ் பகுதியை மட்டும் நகல் எடுத்தால் "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்து நிற்கும். கிரப் என்ற லினக்ஸின் பூட் லோடர் தனக்கு வேண்டிய லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேடுகிறது, அது இல்லை. லினக்ஸ் வேண்டாம் என்றால் விண்டோஸ் பென்டிரைவிலிருந்து பூட்ரெக்கின் ஃபிக்ஸ்எம்பிஆர், பிறகு ஃபிக்ஸ்பூட். இது எம்பிஆர் டிஸ்க்குக்கு மட்டும்.

இந்த லேப்டாப்களில் பழையவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க என்றால் எஸ்எஸ்டி மாட்டி இலேசான லினக்ஸ் ஒன்றைப் போடுவதுதான் என் யோசனை. நன்றாகவே ஓடும்.

10. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது

பழைய டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போடுகிறதா? திரும்ப மாட்டவே வேண்டாம். செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள், அது பழுதான டிஸ்க்கை இன்னும் அலைக்கழிக்கும். முக்கியமான கோப்பு உள்ளே இருந்தால் உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

நல்ல டிஸ்க் என்றால், புதியது தனியாகச் சில வாரம் ஓடிய பிறகு இரண்டாவது டிஸ்க்காக மாட்டலாம். மாட்டியதும் பயாஸுக்குள் போய்ப் பூட் வரிசையில் புதியது மேலே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தேவையான கோப்பு எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் டிஸ்க்பார்ட்டில் க்ளீன் கட்டளை. அது கேள்வி எதுவும் கேட்காமல் பார்ட்டிஷன்களை அழித்துவிடும். எந்த டிஸ்க் என்பதை லிஸ்ட் டிஸ்க் காட்டும் அளவை வைத்துச் சரிபாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் சிஸ்டத்தை அணைத்து, புதியதைக் கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸ் பென்டிரைவிலிருந்து எழுப்பி அழியுங்கள்.